பைனாகுலர் அக்காவின் டியூப் லைட்

அந்த அக்கா எங்களைப் பாரூர் ஏரிக்கு அழைத்துப்போனது பறவை பார்க்கவா, என் மகளின் கண்ணைப் பார்க்கவா? மூன்று வருடமாக இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறேன். துணி மடிக்கும்போது ஒரு பதில் சரியென்று படும். மடித்ததை அலமாரியில் வைப்பதற்குள் மற்றது சரியென்று படும்.

ஓசூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். கணவருக்குப் போச்சம்பள்ளியில் வேலை. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். நான் பள்ளியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். மகளுக்காக வேலையை விட்டு வீட்டில் இருந்த காலம் அது. அவளுக்கு அப்போது நாலு வயது நடந்துகொண்டிருந்தது, அரை நாள் நர்சரிக்குப் போய்வருவாள். அவள் தும்மினால் ஜன்னலைச் சாத்துவேன். பிறகு, காற்று வராமல் இன்னொரு தும்மல் வருமோ என்று திறப்பேன்.

எதிர் வீட்டுக்கு அந்த அக்கா குடிவந்த மறுநாள் காலையில் கதவைத் தட்டினார். குட்டை முடி, நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையும் ஒரு கறுப்புப் பைனாகுலரும் ஒன்றாகத் தொங்கின.

"ஏம்மா, உங்க பால்கனி காலியா இருக்குதா?"

"இருக்கு. ஏங்க?"

"ஏரி உங்க பக்கம் இருக்குது. என் பால்கனில நின்னா எதிர் பிளாக்குல காயற ஜீன்ஸ் பேண்ட்டுதான் தெரியுது. பத்து நிமிஷம் நின்னுட்டுப் போயிடறேன்."

அந்தப் பத்து நிமிடம் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தது. தினமும் காலையில் வருவார். அடையாள அட்டையும் பைனாகுலரும் மோதிக்கொள்ளும் 'டக் டக்' சத்தம் வாசலில் கேட்டதுமே என் மகள் கதவைத் திறக்க ஓடுவாள். குடியிருப்பில் எல்லோரும் அவரைப் பைனாகுலர் அக்கா என்றுதான் சொன்னார்கள்.

சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். மாந்தோப்புக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, வேலையில் தமிழும் இங்கிலீஷும், கடைக்காரரிடம் சண்டை போட மட்டும் கன்னடம். இங்கே ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தார். "எவன் எதை நல்ல சாமான்னு சொன்னாலும் நம்பாம இருக்கறதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளம்" என்பார். அந்தப் புத்தியை அவர் அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்ததில்லை.

அவருடைய பீரோவில் பாதி பைனாகுலர்கள்தான். பெங்களூரு ஞாயிற்றுச் சந்தையில் பழையது, இணையத்தில் புதியது, யாரோ தூக்கிப்போட்டது என்று எல்லாம் இருந்தன. ஆனால் எந்தப் பைனாகுலரையும் எடுத்தவுடன் கண்ணில் வைக்கமாட்டார். முதலில் தலைகீழாகப் பிடித்து, பெரிய கண்ணாடி இருக்கும் பக்கத்தை டியூப் லைட்டுக்குக் காட்டுவார். கண்ணாடிக்குள் டியூப் லைட்டின் பிம்பங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும். அவை மங்கலான பச்சையிலோ ஊதாவிலோ இருந்தால் தலையாட்டுவார். நடுவில் ஒன்று பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் போச்சு.

"பாத்தியா டீச்சர்? உள்ள ஒரு கண்ணாடிக்குக் கோட்டிங் போடாம விட்டுட்டான். வெளிய மட்டும் பூசி, டப்பா மேல கோட்டட்னு எழுதிட்டான்."

நான் வேலையை விட்ட பிறகும் அவர் மட்டும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். கேலிதான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

"கோட்டிங் இல்லன்னா என்ன ஆகும்க்கா?"

"கிருஷ்ணகிரி டோல்கேட் தெரியுமில்ல? ஒவ்வொரு கண்ணாடியும் ஒரு டோல்கேட். உள்ள வர்ற வெளிச்சத்துல கொஞ்சத்த அது திருப்பி அனுப்பிடும். பைனாகுலருக்குள்ள இந்த மாதிரி வரிசையா எத்தினி கேட்டு! கோட்டிங்னா ஃபாஸ்டாக் மாதிரி. நிக்காம போயிடும்."

"திரும்பின வெளிச்சம் போனா போகட்டுமே?"

"எங்க போவுது? உள்ளயே சுத்திக்கினு இருக்கும். படத்து மேல புகை மாதிரி படிஞ்சிடும். அப்புறம் காக்கா கறுப்பா இருக்காது, சாம்பலா இருக்கும்."

அடுத்த சோதனை உள்ளே இருக்கும் பிரிசம் என்ற பட்டகத்துக்கு. பைனாகுலரைக் கைக்கெட்டிய தூரத்துக்கு நீட்டி, கண் வைக்கும் பக்கத்தில் விழும் சின்ன வெளிச்சப் பொட்டைப் பார்ப்பார். முழு வட்டமாக இருந்தால் உள்ளே இருப்பது பேக் ஃபோர் என்ற உயர்ந்த ரகக் கண்ணாடி. ஓரங்கள் வெட்டுப்பட்டு, சதுரம் மாதிரி, மூலைகள் சாம்பல் பூத்திருந்தால் பிகே செவன் என்ற மட்ட ரகம். வெளிச்சம் பிரிசத்துக்குள் வளைந்து திரும்ப வேண்டும். மட்டமான கண்ணாடியில், வளைவில் ஓரமாக வரும் வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிடுகிற மாதிரி, ஓரத்து வெளிச்சம் திரும்பாமல் வெளியே போய்விடுமாம். "அந்தச் சாம்பல் மூலை எல்லாம் வெளிச்சம் திருடு போன எடம்" என்று திருட்டுக் கொடுத்தவர் மாதிரியே சொல்வார்.

எல்லாச் சோதனையிலும் தேறிய கண்ணாடிக்கு அவர் தரும் பட்டம் ஒன்றுதான். தெலுங்கில் "பரவாலேது" என்பார். பரவாயில்லை என்று அர்த்தம். அதைவிடப் பெரிய பாராட்டை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

கண்ணாடி என்று இருந்தால் அது யாருடைய மூக்கில் இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. என் கொழுந்தனாரின் நிச்சயதார்த்தம் கிருஷ்ணகிரியில் சர்ச் ஹாலில் நடந்தது. பெண்ணின் அப்பா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோட்டிங் போட்ட கண்ணாடி, இரவில் கார் ஓட்டினால் எதிர் வண்டி வெளிச்சம் கூசாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்திருந்த அக்கா எழுந்து அவரிடம் போனார். 

"சார், ஒரு நிமிஷம் குடுங்க." கேட்கும்போதே கண்ணாடி அவர் கைக்கு வந்துவிட்டது. ஹாலின் டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து அப்படியும் இப்படியும் சாய்த்தார். "வெள்ளையா அடிக்குது சார். இதுல கோட்டிங்கே இல்ல. உங்கள ஏமாத்திட்டாங்க."

பாதிரியார் ஜெபத்தைத் தொடங்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். என் மாமியார் என்னைப் பார்த்த பார்வையில், நிச்சயதார்த்தம் நின்றுபோனால் அது என் தலையில்தான் விடியும் என்று தெரிந்தது. ஆனால் சம்பந்தி மறுநாளே கடைக்குப் போய்ச் சண்டை போட்டுக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் எங்களைப் பார்த்தால் அவர் முதலில் கேட்பது "அந்தம்மா எப்டி இருக்காங்க?" என்றுதான்.

அக்காவிடம் இன்னொரு குறும்பும் இருந்தது. வருகிறவர்களிடம் பைனாகுலரைக் கொடுக்கும்போது ஒரு குழலின் மூடியைக் கழற்றாமலே கொடுப்பார். இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கிறவர்களுக்கு அது சட்டென்று புலப்படாது. என் கணவர் முதல் தடவை வாங்கிப் பார்த்து, "சூப்பரா தெரியுது மேடம், என்ன கிளியர்!" என்றார்.

"ரெண்டு கண்ணுலயுமா சார்?"

"ரெண்டுலயும்தான்."

அக்கா கையை நீட்டி இடப்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார். என் கணவருக்குக் காது சிவந்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க சார். எல்லாரும் அப்டித்தான். 'தெரியுதா?'ன்னு கேட்டா ஒருத்தர்கூடத் தெரியலன்னு சொல்ல மாட்டாங்க. அதனாலதான் நான் அந்தக் கேள்வியக் கேக்கறதே இல்ல. என்னா தெரியுதுன்னுதான் கேப்பேன்."

நான் நாள் முழுக்க என் மகளிடம் கேட்பதெல்லாம் அந்த மாதிரிக் கேள்விகள்தான். சாப்ட்டியா? வலிக்குதா? பயமா இருக்கா? அவளும் எனக்கு எது நிம்மதியோ அந்தப் பதிலைச் சொல்வாள். அக்கா சொன்னதை அன்றைக்கு நான் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு என் கணவர் பொருட்காட்சியில் ஒரு சின்னப் பைனாகுலர் வாங்கி வந்தார். கண்ணாடி இரண்டும் ரத்தச் சிவப்பில் மின்னின. அக்கா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது கோட்டிங் இல்ல சார், லிப்ஸ்டிக்கு! சிவப்பு வெளிச்சத்த எல்லாம் வெளியவே துப்பிடும். உள்ள மிச்சம் பச்சையும் நீலமும்தான். பாப்பா, இதுல அந்தத் தக்காளியப் பாரு. எப்டி இருக்குது?"

"அழுகிப்போச்சு" என்றாள் மகள்.

பிறகு அக்கா வழக்கமான குறும்பைச் செய்தார். பொம்மையின் வலது குழலை முன்னால் கையால் மறைத்தார். "ஆன்ட்டி, கைய எடுங்க!" என்று கத்தினாள் மகள். கையை எடுத்து இடது குழலை மறைத்தார். மகள் கத்தவில்லை. தெருவில் போகும் ஆட்டோவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். அக்கா கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றார். வழக்கமாக அந்த இடத்தில்தான் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

"இந்தப் பொம்மைய நம்பி எதுவும் சொல்ல முடியாது" என்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறு வாரம் அவரே வந்து, "ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும் பாரூர் ஏரிக்குப் போலாம், வர்றீங்களா? தண்ணி நெறைய இருக்குதாம், நாரை வந்திருக்குதாம்" என்றார். அதுவரை அவர் யாரையும் பறவை பார்க்க அழைத்துப்போனதில்லை. கூட்டம் பேசினால் பறவை பறந்துவிடும் என்பார்.

ஏரிக்கரையில் காற்று இதமாக இருந்தது. மதகுக்குப் பக்கத்தில் ஆழமில்லாத தண்ணீரில் ஒரு சாம்பல் நாரை. அக்கா தன் பீரோவிலேயே சிறந்த பைனாகுலரைக் கொண்டு வந்திருந்தார். முதலில் என் கணவரிடம் கொடுத்தார். இந்த முறை அவர் உஷாராக இரண்டு மூடியையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"என்னா தெரியுது சார்?"

"நாரை உக்காந்திருக்கு. அசையாம அப்டியே இருக்கு."

"நீங்க பாக்கறது பட்டமரக் கட்டை. நாரை அதுக்கு இந்தப் பக்கம்."

மகள் கைதட்டிச் சிரித்தாள். அடுத்து அவள் முறை. பைனாகுலரை எவ்வளவு மடக்கினாலும் இரண்டு குழலும் அவளுடைய கண்களின் இடைவெளிக்குச் சேரவில்லை. "சின்னப் பசங்களுக்குக் கண்ணு கிட்டகிட்ட இருக்கும். ஒத்தக் குழல்ல பாரு பாப்பா" என்று வலது குழலில் வலது கண்ணை வைக்கச் சொன்னார். "என்னா தெரியுது?"

"நாரை. ஒத்தக் கால்ல நிக்குது. வாயில புல்லு வெச்சிருக்கு."

"சபாஷ்! இப்ப இந்தக் கண்ணு." வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, இடது குழலை இடது கண்ணுக்குக் கொண்டுபோனார். அந்த நேரம் பார்த்து நாரை எழும்பி, கரும்புத் தோட்டத்துப் பக்கம் பறந்துபோனது. நாங்கள் மூவரும் பார்த்தோம்.

"என்னா தெரியுது பாப்பா?"

"நாரை. ஒத்தக் கால்ல நிக்குது. வாயில புல்லு வெச்சிருக்கு."

என் கணவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அக்கா நடுவில் இருக்கும் சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருகினார். "எப்பத் தெளிவா ஆவுதோ அப்ப சொல்லு." மகள் சொல்லவே இல்லை. பைனாகுலரை நகர்த்தி, நன்றாகத் தெரிந்த அதே வலது குழலில் இடது கண்ணை வைத்தார். "இப்ப?"

"வெள்ளையா இருக்கு" என்றாள் மகள். குரல் சின்னதாகிவிட்டது.

"பைனாகுலர்ல ஏதாச்சும் கோளாறு இருக்கும் மேடம்" என்றார் என் கணவர். நானும் அதையே வேண்டிக்கொண்டேன். என்றைக்கும் கண்ணாடியைக் குறை சொல்கிற அக்கா அன்றைக்கும் குறை சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கரைக்குக் கீழே ஒரு டீக்கடை இருந்தது. அக்கா விறுவிறுவென்று அங்கே போனார்.

"அண்ணா, லைட்டக் கொஞ்சம் போடுங்க."

"பட்டப்பகல்ல எதுக்கும்மா லைட்டு?"

"போடுங்கண்ணா, சொல்றேன்."

டீக்கடைக்காரர் போட்டார். அக்கா இரண்டு குழலையும் டியூப் லைட்டுக்குக் காட்டிப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வாசலுக்கு வந்து கையை நீட்டி வெளிச்சப் பொட்டைப் பார்த்தார். தன் இடது கண்ணால், வலது கண்ணால், குழலை மாற்றி மாற்றி ஏரியைப் பார்த்தார். பிறகு பைனாகுலரைக் கீழே இறக்கினார்.

"பரவாலேது" என்றார்.

அந்தப் பாராட்டைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

"ஸ்கூல்ல கண் முகாம் நடந்துச்சேக்கா. எல்லாம் சரியா இருக்குன்னாங்களே. போர்டுல படம் எல்லாம் கரெக்டா சொன்னாளே."

அக்கா மகளின் பக்கம் குனிந்தார். "அந்தப் படத்த எப்டிக் கண்டுபிடிச்ச பாப்பா?"

"எனக்கு முன்னாடி நின்ன பசங்க சொன்னாங்க. நானும் சொன்னேன்" என்றாள் மகள் பெருமையாக.

மறுநாளே கண் மருத்துவரிடம் போனோம். சோம்பேறிக் கண் என்றார். இடது கண்ணில் பவர் அதிகம். மூளை நல்ல கண்ணை மட்டும் நம்பிப் பழகிவிட்டது. கண்ணாடி போட வேண்டும், நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் ஒட்டுப் போட்டு மூடி, மற்றதை வேலை வாங்க வேண்டும். இந்த வயதில் வந்தது நல்லதாயிற்று, பெரியவளான பிறகு தெரிந்திருந்தால் திருத்துவது கஷ்டம் என்றார். எவ்வளவு தேறும் என்று நான் கேட்டதற்கு, "பாப்போம்மா" என்றார். அவளுக்காகவே வீட்டில் இருந்தவள் நான். என் கண்ணுக்குப் படாதது ஒரு பொம்மைக் குழலை மறைத்தவருக்குப் பட்டிருக்கிறது.

புதுக் கண்ணாடி வந்த அன்று மகளே அதை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடினாள். டியூப் லைட்டுக்குக் கீழே விசாரணை நடந்தது. "பச்ச அடிக்குது. பரவாலேது!" என்று தீர்ப்புச் சொன்னார் அக்கா. பிறகு மகள் எங்கள் வீட்டுக்குள் வந்து, ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரின் கண்ணாடி, என் கைக்கடிகாரம், அழைப்பு மணி அடித்த கூரியர்காரரின் கூலிங் கிளாஸ் என்று எல்லாவற்றையும் அவளே சோதனை போட்டாள்.

ஒட்டுப் போடும் நேரம்தான் போராட்டம். பிய்த்து எறிவாள். மருத்துவர், எதையாவது ஆர்வமாகப் பார்க்கவைத்தால் போதும் என்றிருந்தார். அக்கா வேலை முடிந்து வந்ததும் அவளைப் பால்கனிக்கு அழைத்துப்போவார். இடது கண்ணில் குழலை வைத்து, "என்னா தெரியுது?"

முதலில், "தெரியல."

"சரியான பதில்!" என்று ஊரிலிருந்து வந்த மாங்காய் வற்றல் ஒரு துண்டு வாயில் போடுவார்.

எனக்குக் கோபம் வந்தது. "தெரியலன்னு சொன்னா பரிசா அக்கா? அப்புறம் வத்தலுக்காகவே தெரியலன்னு சொல்ல மாட்டாளா?"

"சும்னிரு டீச்சர்" என்றார் கன்னடத்தில். கடைக்காரர்களை வாய்மூடச் சொல்லும் அதே வார்த்தை. "தெரியலன்னு சொல்லக் கத்துக்கினாத்தான், தெரியுதுன்னு சொல்றத நாம நம்ப முடியும்."

மாதங்கள் போகப் போக, வெள்ளை என்றது அசைகிற வெள்ளை ஆயிற்று. பிறகு கொக்கு ஆயிற்று. ஒரு நாள் "கொக்குக்குக் கால் மஞ்சளா இருக்கு" என்றாள். அக்கா அவசரமாக வாங்கிப் பார்த்தார். கால் கறுப்பு, பாதம் மட்டும்தான் மஞ்சள். "பாதி மார்க்" என்று வற்றலைக் கடித்து, பாதியைத் தான் தின்றுவிட்டு மீதியைக் கொடுத்தார்.

பிறகு அவருடைய கம்பெனி அவரை வடக்கே ஏதோ ஒரு கிளைக்கு மாற்றிவிட்டது. போகும்போது மகளுக்கு ஒரு சின்னப் பைனாகுலர் கொடுத்தார். இரண்டு கண்ணுக்கும் சேரும் அளவுக்கு மடங்குவது. லிப்ஸ்டிக் இல்லாதது. லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் நான் கேட்டே விட்டேன். "அக்கா, பாரூருக்குப் போறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமில்ல?"

"பறவை பாக்கத்தானம்மா போனோம். நாரை வந்துச்சில்ல?" என்றார். கதவு மூடிக்கொண்டது. அதன் பின் அவர் எண் மாறிவிட்டது.

இப்போது மகளுக்கு ஏழு வயது. ஒட்டு நின்றுவிட்டது. இரண்டு கண்ணுக்கும் பெரிய வித்தியாசமில்லை, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்கிறார் மருத்துவர். அவர் சொல்வதை நான் நம்புகிறேன். வீட்டுக்கு வந்து நானும் ஒரு தடவை சோதித்துப் பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் அவள் வலது கண்ணைத் தானே பொத்திக்கொண்டு அக்கா கொடுத்த பைனாகுலரில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'தெரியுதா' என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "என்ன தெரியுது?" என்றேன்.

"கம்பத்து மேல நீர்க்காகம். றெக்கைய விரிச்சுக் காய வெக்குது. இப்பத் தலையத் திருப்புது."

எனக்கு வெறும் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளிதான். உண்மையா, எனக்காகச் சொல்கிறாளா? "குடு, நானும் பாக்கறேன்" என்றேன். முதுகைக் காட்டித் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். கண்ணில் வைத்தேன், கம்பத்தைத் தேடினேன். தண்ணீரும் ஆகாயத்தாமரையும்தான் ஓடின.

"தெரியுதாம்மா?" என்றாள் ஆவலாக.

"தெரியுது தெரியுது. அழகா இருக்கு" என்றேன்.

"ரெண்டு கண்ணுலயுமா?"

"ரெண்டுலயும்தான்."

அவள் கையை நீட்டி இடப்பக்க மூடியைக் கழற்றினாள். சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டின் கதவு திறந்துகொண்டது. இப்போது அங்கே குடியிருக்கிற அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

நானும் சிரித்தேன். அன்று மாலை துணி மடிக்கும்போதுதான் உறைத்தது. பாரூரில் இல்லாத நாரையை இருப்பதாகச் சொன்னவள் அந்தப் பழக்கத்தை எங்கிருந்து எடுத்திருப்பாள் என்று. அவள் "தெரியல" என்று சொல்லக் கற்றுக்கொண்டாள்; அதற்கு ஓர் அக்காவும் மாங்காய் வற்றலும் இருந்தார்கள். குழந்தையின் முகம் வாடிவிடுமே என்று வாய் தானாக "தெரியுது" என்று சொல்லிவிடுகிற அம்மா அதை எப்படிக் கற்றுக்கொள்வது? உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால், தயவுசெய்து தெரியாது என்றே எழுதுங்கள். அதுவும் எனக்கு உதவியாக இருக்கும்.